கணவாயில் கொடுத்த அங்கி

ஒரே ஒரு வருஷம்தான் இடித்தது. எத்தனை முறை கூட்டிக் கழித்தாலும் சய்ராவுக்கு அது சரியாகவில்லை.

கொள்ளுத்தாத்தா சோரோன்பாயின் கல்லறைக்குப் புதுக்கல் வைக்கிறார்கள். மாலைக்குள் வாசகம் நாரின் ஊரில் இருக்கும் கல்கொத்தரிடம் போயாக வேண்டும். 1916-ல் ஜாரின் படைக்குத் தப்பி சனம் உயிர் பிழைக்கச் சீனாவுக்கு ஓடியபோது, பனி மூடிய கணவாயில் அவர் தன் ஆட்டுத்தோல் அங்கியைக் கழற்றி முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கொடுத்தார் என்பது வீட்டுக்கதை. அந்த ஆண்டு அவருக்கு முச்சோல். ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு விலங்குகளின் பெயர்; பிறந்த விலங்கின் ஆண்டு பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், அதுதான் முச்சோல். அப்போது உடுத்தியதில் ஒன்றைக் கொடுத்தால்தான் கண்டம் கழியும்.

ஆனால் இறப்புச் சான்றில் 1976, வயது 97 என்று இருந்தது. கழித்தால் 1879, முயல் ஆண்டு. முயல்காரருக்கு முச்சோல் 1915-லேயே வந்து போயிருக்கும். 1916 டிராகன் ஆண்டு.

"கல்லுல பொய்ய வெட்டக் கூடாது. அந்த அங்கி வரிய எடுத்துடு," என்று பெரியப்பா ஃபோனில் சொல்லிவிட்டார்.

சய்ராவுக்கு மனசு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி மெல்ல இறங்கியது. எலி, மாடு, புலி, முயல் என்று ஆண்டுகள் மந்தையாக மலை ஏறிப்போவதுபோல் இருந்தது. நடுவே சோரோன்பாய் நடந்தார். ஜார் போனார், கூட்டுப்பண்ணை வந்தது, போர் வந்தது, மனிதன் நிலவில் இறங்கினான்; அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார், தோளில் அங்கி இல்லாமல்.

"என்னடி, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குற?" புருல் அத்தை தேநீர்க் கிண்ணத்தை வைத்தாள். "தோள்ல கெடக்குற அந்தச் சால்வைய யாருக்காவது குடுத்துடு. இந்த வருஷம் உனக்கு முச்சோல். முப்பத்தேழு ஆச்சு, கிழவி!"

"முப்பத்தாறு அத்தை. நான் பொறந்தது 1988."

"அம்மா வயித்துல இருந்தப்போ? அது வயசுல சேராதா? சந்தையிலயா வாங்கிட்டு வந்தோம் உன்ன?"

சய்ரா நிமிர்ந்தாள். "கொள்ளுத்தாத்தாவுக்குத் தொண்ணூத்தேழுன்னு சாவப் பதிஞ்ச ஆபீஸ்ல யாரு சொன்னது?"

"நாந்தான். எட்டு முச்சோல் முடிச்சாரு. மொதல்ல பதிமூணு, அப்புறம் ஏழு பன்னெண்டு. தொண்ணூத்தேழுதானே?"

வயிற்றில் இருந்த ஒரு வருஷமும் அந்தத் தொண்ணூற்றேழுக்குள் இருந்தது. ஆகவே 1976-லிருந்து கழிக்க வேண்டியது 97 அல்ல, 96. அவர் பிறந்தது 1880, டிராகன் ஆண்டு. 1916-ல் அவருக்கு முப்பத்தேழாம் வயது, மூன்றாம் முச்சோல்.