புகை மணக்காத வேட்டி

கரிமூட்டத்தின் வெடிப்பிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. விடிந்தும் விடியாத அந்த வேளையில் திருச்சுழிப் பக்கத்துச் சீமைக்கருவேலங்காடு முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடப்பதுபோல் தெரிந்தது. மாரிச்சாமி ஈரமண்ணை அள்ளி வெடிப்பில் அப்பினான். உள்ளே காற்றுப் புகுந்தால் விறகு கரியாகாது, சாம்பலாகிவிடும். பைக்கை நிறுத்திவிட்டு வந்த ஜெயபாண்டி, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவன் பக்கத்தில் குத்தவைத்திருந்தான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து பொம்பளைக் கதை சொல்வது மாரிச்சாமி, வாய் பிளந்து கேட்பது ஜெயபாண்டி. அருப்புக்கோட்டை தியேட்டர் வாசலில், கல்யாணப் பந்தலில், தலை நரைத்த பிறகு டீக்கடையிலும்கூட. நேற்று மாரிச்சாமியின் மனைவி தங்கலட்சுமி ஜெயபாண்டிக்குப் போன் செய்தாள். மூட்டத்துக்குக் காவல் என்று வெளியே படுக்கிறவர், சில காலைகளில் புகை வாசமே இல்லாத வேட்டியோடு வருகிறாராம். அப்படியானால் படுத்தது எங்கே? அண்ணன்தான் கேட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காலை பஸ்ஸில் பாலவனத்தத்துக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவேன் என்றாள்.

"யாருலே அவ?" என்றான் ஜெயபாண்டி.

"எவளும் இல்ல மாப்ள. மூட்டம் போடாத அன்னைக்குக் கம்மாக்கரையில கெடப்பேன்."

"வீட்டுல படுத்தா என்ன?"

மாரிச்சாமி இன்னொரு கை மண்ணை அள்ளினான். சர்க்கரை வந்ததிலிருந்து உடம்பு சொன்னபடி கேட்பதில்லை என்றான், மண்ணைப் பார்த்துக்கொண்டே. அவள் கை மேலே பட்டால் தூங்குகிற மாதிரிக் கிடப்பானாம். பிறகு அந்தக் கைக்கே பயந்து வெளியே வந்துவிட்டான்.

"டவுன்ல ஒருத்தி இருக்கான்னே சொல்லிரு மாப்ள. அழுதுட்டுப் போறா. இது மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்."

ஜெயபாண்டிக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப நீ சொன்ன கதையெல்லாம்?"

"கல்யாணத்துக்கு முந்தி சொன்னது பூராம் பொய். பெறகு சொன்னது பூராம் அவதாம்லே. பேரை மட்டும் மாத்துவேன்."

ஜெயபாண்டியின் சட்டைப்பையில் போன் அடித்தது. தங்கலட்சுமி. அவன் பச்சையைத் தொட்டு, மண்ணும் கரியுமாக இருந்த மாரிச்சாமியின் கையில் போனைத் திணித்தான்.

"நீயே சொல்லு."

"அண்ணே?" என்றது போன். அவள் குரலுக்குப் பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஆட்களை ஏறச்சொல்லிக் கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான்.

"தங்கம்," என்றான் மாரிச்சாமி. காதோடு போனை அழுத்தி வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்து நின்றான். உறுமல் கூடியது. பிறகு மெல்லத் தேய்ந்து தூரத்தில் கரைந்தது. போனுக்குள் அவள் மூச்சு மட்டும் பக்கத்திலேயே நின்றது.