3300 என்று போட்ட பற்றரி

அந்த ஒன்லைன் கடைக்காரனை நேரில் கண்டால் முகத்தில் காறித் துப்புவேன். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் என் முகத்திலும் துப்ப வேண்டும்.

நான் பிறையன். மட்டக்களப்பு நகரில் கல்யாணம், ஞானஸ்நானம் என்று படமெடுப்பவன். சண்டை ஓய்ந்த அந்த 2009 இல் கல்யாணத்துக்குமேல் கல்யாணம். கமராவின் பிளாஷுக்குப் பற்றரி வாங்கியே கையைக் கடித்தது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த எங்கள் பறங்கிச் சனத்துக்கு ஒரு வியாதி உண்டு: மெல்பேர்னில் இருக்கிற சொந்தம் எதைச் சொன்னாலும் வேதவாக்கு. அங்கிருந்து மச்சான் றெக்ஸ் ஏதோவொரு நாட்டு ஒன்லைன் கடையைக் காட்டிவிட்டான். திரும்பத் திரும்ப சார்ஜ் போடுகிற பற்றரி, பதினாறு வந்து இறங்கியது. ஒவ்வொன்றிலும் அது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு, 3300 என்று கொட்டை எழுத்தில்.

வழக்கமாக ஏறாவூர் முஹம்மட் நானா கடையில்தான் வாங்குவேன். அவரிடம் போய்ப் பெருமையடித்தேன். ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"பாரமே இல்லியே தம்பி. வேலைக்குக் கொண்டு போக முதல் ஒருக்காப் போட்டுப் பாருங்க."

தன் வியாபாரம் போகிற எரிச்சல் என்று நினைத்தேன். சார்ஜ் போட்டேன், சோதித்துப் பார்க்கவில்லை. நம்பர்தான் இருக்கிறதே.

டிசம்பரில் தானியாவின் கல்யாணம். தகப்பன் வோல்ட்டர் அங்கிளும் தாய் பியட்றிஸ் அன்ரியும் கடலோரத்து டச்பாரில் இருந்தவர்கள். சுனாமி அவர்களுடைய மூத்த மகள் பிறிசில்லாவைக் கொண்டுபோனது. அவள் முகத்தைப் பார்க்க ஒரு படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அன்றிலிருந்து அங்கிள் எந்த வீட்டுக் கல்யாணத்திலும் எங்கள் கப்ரிஞ்ஞா நடனம் ஆடியதில்லை. அது ஆடாத பறங்கியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மண்டப வாசலில் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனே, இண்டைக்கு ஆடுறன் எண்டு சொல்லியிருக்கார். நாலு நாளில இவளும் அவுஸ்திரேலியா போயிருவாள். தகப்பனும் மகளும் ஆடுற ஒரு படம் எனக்குக் காணும்."

வெளியே மாரி மழை. பகலிலேயே மண்டபம் இருட்டு. வயலின் தொடங்க, அங்கிள் தானியாவின் முன்னால் வந்து காலைத் தூக்கி வைத்தார். சனம் கைபேசிகளோடு முன்னுக்கு வந்தது. "மறைக்காதீங்க, நான் எடுக்கிறன்தானே" என்று எல்லாரையும் விரட்டிவிட்டது நான்தான்.

பிளாஷ் ஒருதரம் மின்னியது, அதுவும் கமராவைச் சரிபார்க்கும்போது. பிறகு செத்தது. நாலை மாற்றினேன், சிணுங்கிவிட்டு அடங்கியது. அடுத்த நாலு, அதற்கடுத்த நாலு. எல்லாம் குப்பை. நடுவில் பிளாஷ் இல்லாமலே ஒரு படம் தட்டிவிட்டு நான் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தபோது ஆட்டம் முடிந்து எல்லாரும் கைதட்டினார்கள். அங்கிள் அழுதுகொண்டு கதிரையில் இருந்துவிட்டார். இன்னொருதரம் ஆடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

கடைக்காரனுக்கு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி ஒரு மின்னஞ்சல் எழுதினேன். "அன்புள்ள நண்பரே" என்று தேனொழுகப் பதில் வந்தது: பழுதான பொருளின் தெளிவான படம் ஒன்றை ஆதாரமாக அனுப்பவும். முஹம்மட் நானாவிடம் தலை குனிந்து சாதாரணப் பற்றரி வாங்கி, பிளாஷில் போட்டு, அந்தப் பதினாறையும் மேசையில் அடுக்கிப் படமெடுத்தேன்.

அடுத்த நாள் அன்ரி ஸ்டூடியோவுக்கு வந்தார். கம்பியூட்டரில் ஆட்டத்தின் படத்தைக் காட்டினேன். இருட்டுக்குள் வெள்ளையாய் ஒரு தீற்றல், அதன் பக்கத்தில் கறுப்பாய் இன்னொன்று. எது அங்கிள் என்று விரலால் தொட்டுக் கேட்டார். அவசரமாக அடுத்த படத்துக்குத் தள்ளினேன். பற்றரிகள் வந்து நின்றன, ஒரு எழுத்துக்கூட மங்காமல்.

அன்ரி திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். குத்திக் கதைக்கத் தெரியாத மனுசி.

"இது வடிவா விழுந்திருக்கு மனே" என்றார்.