துண்டுக்கு வெளியே சொன்ன விலை

வேல்சாமி தன் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும். சாயல்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தினம் ஒருவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார். மகள் இராமலட்சுமி பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். சாயங்காலமானால் காலிதாவின் ஜெராக்ஸ் கடை மூலையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு பழுதான கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்ப்பாள். அது 2006. அந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர்தான். அது படுத்துவிட்டால் தூக்கிக்கொண்டு இராமநாதபுரம் பஸ் ஏற வேண்டும். "ராம்நாட்டுல ஆகாதுன்னு திருப்பி விட்டதை எம்மக உக்காந்த எடத்துல ஓட விட்டுருச்சு" என்று சொல்லும்போது வேல்சாமி தானே ஓட விட்டதைப்போல நிமிர்ந்து உட்காருவார்.

பெருமை அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. பழுதான பெட்டிகளை அவரே வீடு தேடிப்போய் வாங்கி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். வாங்கும்போதே ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வருவார். "காசெல்லாம் ஒண்ணும் பேச வேண்டாம். நம்ம பிள்ளைதானே. பாத்துக் குடுங்க."

பார்த்துக் கொடுத்தார்கள். உப்பளத்துக் கணக்குப்பிள்ளை ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டி கொடுத்தார். மூக்கையூர் மீன்பிடிப் போட்டுக்காரர் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினார். ஒருவர் இருபது ரூபாயை வெற்றிலையில் வைத்து மரியாதையாகக் கொடுத்தார். வேல்சாமிக்கு அந்த வெற்றிலையைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் தன் பொருளுக்குத் தானாக ஒரு விலை சொன்னதே கிடையாது. மானாவாரி மிளகாய் போடுகிறவருக்கு விலை சொல்லும் வேலை எங்கே இருக்கிறது? மூட்டையை மண்டியில் கொண்டுபோய்க் கொட்டுவார். வியாபாரியும் தரகரும் வந்து குவியலுக்கு முன்னால் நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மிளகாய்க்குச் சொந்தக்காரரான வேல்சாமி பக்கத்தில் நின்று துண்டு அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். துண்டு விலகியதும் ஒரு தொகை சொல்வார்கள். "மொதலாளி பாத்துச் செஞ்சாச் சரி" என்பார். அவருடைய அய்யாவும் அந்த மண்டியில் நின்று அதையேதான் சொன்னார்.

தை மாதத்தில் ஒரு காலையில் இராமலட்சுமி பள்ளிக்கூடம் கிளம்பும்போது, மேசையை எடுத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

வேல்சாமி பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். "ஏத்தா, யாரு என்ன சொன்னாக?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைய்யா. நம்ம சின்னச்சாமி மாமா கம்ப்யூட்டருக்குக் கரண்டுப் பெட்டி போயிருச்சு. மதுரைக்குப் போயி எஞ்சம்பளத்துல நானூத்தம்பதுக்கு வாங்கிட்டு வந்து மாட்டுனேன். மாமா நூறு ரூவாயைக் கையில வச்சு, நல்லா இருன்னு சொல்லிட்டுப் போறாக. பகல் பூராம் பிள்ளைகளோட கத்திட்டு வந்து, சாயங்காலம் எங்காசைப் போட்டு ஊருக்குச் செய்ய எனக்கு ஏலாது."

"நான் போயிக் கேக்கவா?"

"என்னன்னு கேப்பீக? நீங்கதான பாத்துக் குடுங்கன்னு சொன்னது."

மகள் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "ஒண்ணு வெலையைப் போர்டுல எழுதிப் போடணும். இல்லைன்னா மேசையை எடுக்கணும். நீங்களே சொல்லுங்க."

மேசையை எடுத்துவிட்டால் டீக்கடையில் என்ன பேசுவது? வேல்சாமி அன்று சாயங்காலமே ஜெராக்ஸ் கடைக்குப் போனார். விலை வைக்கிற வேலை தொடங்கியது. மிளகாய்ப் பழத்துக்குக் காம்பு கிள்ளுவதுபோல அப்பாவும் மகளும் ஒவ்வொரு வேலையாக எடுத்து வைத்துப் பேசினார்கள். காலிதா ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெட்டியைத் தெறந்து என்ன கோளாறுன்னு சொல்றதுக்கு அம்பது" என்றாள் மகள்.

"பாக்குறதுக்குமா காசு? இதென்னத்தா அநியாயமா இருக்கு."

"மண்டியில ஒங்க மிளகாயைப் பாக்க வாறவுக ஆளுக்கு ஒரு கை அள்ளிட்டுப் போறாகளே. அதுக்கு யாரு காசு குடுத்தா?"

"அது சாம்பிளுத்தா."

"அந்தச் சாம்பிளு என்னைக்காச்சும் திரும்பிக் குவியலுக்கு வந்துருக்காய்யா?"

வேல்சாமி யோசித்துப் பார்த்தார். வந்ததில்லை. சாம்பிள் அள்ளுகிறவர்கள் வீட்டில் வருஷம் முழுக்க வத்தல் விலைக்கு வாங்கியிருக்கவே மாட்டார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. ஐம்பதுக்குத் தலையை ஆட்டினார்.

பிறகும் லேசில் விடவில்லை. விண்டோஸ் போடுவதற்கு முந்நூறு என்றதும், "கையில ஒரு பொருளும் குடுக்காம முந்நூறா?" என்று எழுந்தே விட்டார். மகள் அதற்கு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், அந்த நேரத்தில் ஒரு களையெடுக்கும் ஆள் எவ்வளவு வாங்குவார், அதைப் படிக்கத் தனக்கு ஆன செலவு என்ன என்று விரல்விட்டுச் சொன்னாள். "எம்படிப்புக்கு நீங்க பெரிய மாட்டை வித்தீகளே, அதையும் இதுலதான் சேக்கணும்" என்றாள். வேல்சாமி மறுபடி உட்கார்ந்தார். பெரிய மாட்டை விற்ற அன்று வெறுங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தது அவருக்கு மறக்கவில்லை. இடத்துக்கே போய்ப் பழுது பார்க்க முந்நூற்று ஐம்பது என்று அவள் எழுதியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். "சொந்தக்காரகளுக்குமாத்தா இந்த வெலை?"

காலிதா மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "சொந்தக்காரகளுக்குத்தாண்ணே போர்டே. அசலூருக்காரன் வெலையைக் கேட்டுக் குடுத்துட்டுத்தான் போறான்."

போர்டு தொங்கியது. அதோடு ஆள் வருவதும் நின்றது. மாசி பிறந்தும் ஒரு பெட்டி வரவில்லை. டீக்கடையில் வேல்சாமியைக் கண்டால், "என்னப்பா, ஒம்மக பாத்தாலே அம்பதாமே, அந்தப் பக்கம் நாங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறோம்" என்று கிண்டல் செய்தார்கள். வேல்சாமிக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. போர்டைக் கழற்றச் சொல்லலாமா என்று இரண்டு முறை கடை வாசல்வரை போனார். மகள் மேசையைத் துடைத்து வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மிளகாய் அறுவடை முடிந்து அவருடைய மூட்டைகள் பொன்னுச்சாமி மொதலாளியின் மண்டியில் இறங்கின. மறுநாள் விலை பேச வேண்டும். அன்றைக்கென்று பார்த்து மண்டிக் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டது. ஊர்ப்பட்ட மிளகாய்ச் சம்சாரிகளின் கணக்கு அதற்குள் இருந்தது. யாருக்கும் பட்டுவாடா செய்ய முடியவில்லை. பொன்னுச்சாமி ஆள் அனுப்பினார். "வேல்சாமி மகளை வரச்சொல்லு."

இராமலட்சுமி பையோடு வந்தாள். வேல்சாமியும் கூடவே வந்தார். வழியெல்லாம் அவருக்கு ஒரே நினைப்பு. மொதலாளியிடம் போய் முந்நூற்று ஐம்பது என்று இவள் சொன்னால், நாளைக்குத் துண்டுக்குள் என் மிளகாய் என்ன பாடுபடும்? வருஷத்துப் பாடு முழுக்க அந்தக் குவியலில்தான் கிடக்கிறது. விவசாயச் சங்கத்துக் கடனும் அதை நம்பித்தான் இருக்கிறது. அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். உள்ளே மிளகாய்த் தூசி. விசிறி தெரியாத அளவுக்குச் செக்கச்செவேலென்று படிந்திருந்தது. பிரஷ்ஷை வைத்ததுதான் தாமதம், மண்டியே தும்மியது. பொன்னுச்சாமி தும்மினார். கணக்கர் தும்மித் தும்மி வெளியே ஓடினார். மிளகாயிலேயே பிறந்து வளர்ந்த வேல்சாமிக்கும் கண்ணில் நீர் கொட்டியது. இராமலட்சுமி மட்டும் அசராமல் தூசியை வழித்து, இறுகிப்போன விசிறியைக் கழற்றி எண்ணெய் விட்டு, உப்புக்காற்றில் கறுத்திருந்த ரேம் கார்டை ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது. கணக்கர் உள்ளே வந்து பார்த்தார், ஒரு பெயரும் போகாமல் எல்லாம் இருந்தது. வேல்சாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தன் மகள் என்று யாருக்காவது தெரியாமல் இருந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

பொன்னுச்சாமிக்கும் சந்தோஷம்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கையின் மேல் போட்டு, வேல்சாமியிடம் நீட்டினார். "வாப்பா வேல்சாமி. வந்து கையைப் பிடி."

வேல்சாமிக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தத் துண்டுக்குள் அவர் கை போனதே இல்லை. உள்ளே விட்டார். மொதலாளியின் கை மெத்தென்று இருந்தது. வேல்சாமியின் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து அமுக்கியது. அப்படியென்றால் இருநூறு ரூபாய். பக்கத்தில் தரகர் தவசி சிரித்துக்கொண்டு நின்றார். இதற்கு ஒத்துக்கொண்டால் நாளை மிளகாய்க்கும் பார்த்துச் செய்வேன் என்கிற அமுக்கல் அது என்று வேல்சாமிக்குப் புரிந்தது. "மொதலாளி பாத்துச் செஞ்சாச் சரி" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மகளைப் பார்த்தார். அவள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலம் நான் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரியே நிற்கிறாளே என்று வேல்சாமிக்குத் தோன்றியது.

கையை வெளியே எடுத்தார்.

"முந்நூத்தம்பது ரூவாங்க மொதலாளி. போர்டுல போட்டிருக்கு."

குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுச்சாமி வெறுங்கையின் மேல் கிடந்த துண்டைப் பார்த்தார், வேல்சாமியைப் பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

"எங்கையில வேண்டாம்" என்றார் வேல்சாமி. "தொழில்காரி கையில குடுங்க."

இராமலட்சுமி இரண்டு கையாலும் வாங்கி, எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தாள்.

"சரிப்பா" என்றார் பொன்னுச்சாமி. குரலில் சிரிப்பு இல்லை. "நாளைக்கு எதுக்கு? ஒன் மிளகாயையும் இப்பவே முடிச்சுருவோம். தவசி, இங்கன வா." குவியலுக்கு முன்னால் போய் நின்று, தரகரிடம் துண்டை நீட்டினார்.

வேல்சாமி குறுக்கே போய் நின்றார். "துண்டு வேண்டாங்க மொதலாளி. கிலோ நாப்பத்தி ரெண்டு."

தவசிக்கு வாய் மூடவில்லை. பொன்னுச்சாமி குனிந்து ஒரு கை மிளகாயை அள்ளினார். காதருகே குலுக்கி விதைச் சத்தம் கேட்டார். நல்ல காய்ச்சல், துளி ஈரமில்லை. அவருக்கும் அது தெரியும்.

"நாப்பது" என்றார்.

"நாப்பத்தி ரெண்டுங்க. இல்லைன்னா மூட்டையைத் தச்சு ராம்நாட்டுக்குக் கொண்டு போறேன்."

பொன்னுச்சாமி அள்ளிய மிளகாயை வழக்கம்போல மடியில் கட்டப் போனார். வேல்சாமியின் பார்வை அந்தக் கையிலேயே இருந்தது. பொன்னுச்சாமி ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு மிளகாயைக் குவியலிலேயே போட்டுவிட்டுத் துண்டைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாப்பத்தி ஒண்ணு. அதுக்கு மேல எனக்குக் கட்டாது."

வேல்சாமி அவசரப்படவில்லை. குவியலைப் பார்த்தார். பையை மாட்டிக்கொண்டு வாசலில் காத்து நிற்கும் மகளைப் பார்த்தார். அவள் தும்மலை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

"சரி, எடை போடுங்க" என்றார்.