ஏழாவது மரம்

நான்கு வருஷமாக பத்மப்ரியாவின் மேசையில் ஒரே மரம்தான். காய்ந்த கிளைகளையும் இலைகளையும் தாளில் தைத்து அடுக்கி வைக்கும் ஹெர்பேரியத்தில் அவளுக்கு வேலை. பேப்பாறைக் காட்டின் மேல்சரிவில் அவள் கண்ட அந்த மரம் கருங்காலிக்கு உறவு. ஆனால் இதுவரை பெயர் வைத்த எந்தக் கருங்காலியோடும் ஒத்துப்போகவில்லை. இலையின் அடியில் செம்பட்டை ரோமம், நெல்லிக்காய் அளவில் பழம். எல்லாவற்றையும் அளந்து எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்தது. ஆண் பூ எங்கே என்று கேட்டிருந்தார்கள். இந்த வகையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.

காட்டில் மொத்தம் ஆறு மரம். ஆறும் பெண். பழத்தை அறுத்தால் விதை சப்பையாகக் கிடக்கும். ஒரு கன்றுகூட முளைத்திருக்கவில்லை. பெயர் வைப்பதற்குள் மரமே இல்லாமல் போய்விடுமோ என்று நகரத்தில், வலியசாலை வீட்டில் சாப்பிட உட்காரும்போதுகூட அவளுக்குத் தோன்றும்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, வன வாட்சர் கைலாஷ் ஒரு கையெழுத்துக்காக வந்தவர், மேசையில் இருந்த இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இது செல்லபாய் அம்மச்சியோட ரப்பர் தோட்டத்திலயும் ஒண்ணு நிக்குதே."

"நாலு வருஷமா என்கூட காட்டுக்கு வர்றீங்க. ஏன் சொல்லல?"

"அது காய்க்காத மரம் மேடம். நம்ம மரம் காய்க்குமே. அதனால வேற ஏதோன்னு நெனச்சேன்."

பத்மப்ரியா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஆரியநாடு ஊரைத் தாண்டி ஜீப் தோட்டத்துக்குள் திரும்பும்போதே மெஷின் வாளின் சத்தம் கேட்டது. பெரிய கிளை ஒன்று தரையில் கிடந்தது. தோட்டக்காரி செல்லபாய், அறுபத்துமூன்று வயது, நைட்டிமேல் தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்று வெட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கம்மா."

"எதுக்கு நிறுத்தணும்? ரப்பருக்கு வெயிலே விழல்ல. இருபது வருஷமா நிக்குது, ஒரு காய் உண்டா இதில?"

பத்மப்ரியா விழுந்த கிளையின் பக்கத்தில் முட்டி போட்டாள். இலைக்காம்பின் அருகே மூன்றும் நான்குமாக வெளிர்மஞ்சள் மொட்டுகள். விரிந்திருந்த ஒன்றை நகத்தால் பிளந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். உள்ளே மகரந்தம் தூவிய கேசர இழைகள். இன்னொன்றையும் பறித்துப் பிளந்தாள்; அதிலும் அதேதான்.

"இது ஆண் மரம்மா. அதான் காய்க்கல. மேலே காட்டில ஆறு பெண் மரம் இருக்கு. இதைத் தவிர வேற ஆண் மரத்தை நாங்க எங்கயும் பாக்கல."

செல்லபாய் மரத்தை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தார்.

"அப்போ நான் மாப்பிள்ளையை இல்லியா வெட்டப் பாத்தேன்," என்றவர் வெட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினார். "மதி, மதி, வெட்டினது போதும். வாளை வச்சிட்டு வாங்க, சாயா குடிக்கலாம்."

இந்த மரத்துக்கும் அந்த ஆறுக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் ரப்பரும் ஒரு மலைமுகடும் இருந்தன. தேனீ அத்தனை தூரம் போகாது. அதனால் ஆட்களே போனார்கள். மேலே பெண் மரங்களும் பூத்திருந்த வாரம் அது. பத்மப்ரியா மகரந்தத்தைத் தாளில் மடித்து எடுத்துப் போக, கைலாஷ் மரமேறி, சின்ன பிரஷ்ஷால் பூப்பூவாகத் தொட்டார். நூற்று நாற்பது பூ. பதினொரு பழம் தங்கியது. மறு வருஷம் முதல் பழத்தை அறுத்தபோது உள்ளே விதை பளபளவென்று திரண்டிருந்தது. பத்மப்ரியா அதை உள்ளங்கையில் வைத்து லென்ஸால் பார்த்துவிட்டு, அடுத்த பழத்தை அறுத்தாள்.

ஆண் பூவின் படங்களோடு கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சேதியோடு செல்லபாயைப் பார்க்கப் போனாள். அவர் ஆண் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"மரத்துக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன். லத்தீன்ல பொம்பளைங்க பேர் கடைசியில ஏ சேர்ப்போம். செல்லபாயே."

"வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு யாரோ கூப்பிடுறது போல இருக்கு."

"பிடிக்கலன்னா இப்பவும் மாத்தலாம்."

"இருக்கட்டும் மோளே. கூப்பிட்டா நான் கேக்கத்தான செய்வேன்." சாயா டம்ளரை அவள் கையில் கொடுத்தார். "விதை முளைச்சுதா?"

"ஒம்பது கன்னு வந்திருக்கு."

"எனக்கு ஒண்ணு தா. இவன் பக்கத்திலயே வைக்கேன். பெண்ணா பாத்து தா."

"அது பூத்தாத்தான் தெரியும்மா. பதினஞ்சு வருஷமாவது ஆகும்."

செல்லபாய் விரல்விட்டு எண்ணினார்.

"அப்போ எனக்கு எழுபத்தொம்பது," என்றார். "ரெண்டா தா."