இன்னொரு இளவரசி

மகளுக்கு வங்கியில் வேலை கிடைத்துவிட்டதைப் பஞ்சாட்சரம், பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சொன்ன ஆளிடமே இரண்டாம் தடவையும் சொன்னார். மனிதரைக் குறை சொல்ல முடியாது. இளவரசி தறிவேலைக்கு நடுவே படித்து, மூன்று தடவை தோற்று, நாலாம் தடவை தேறியவள். வரும் திங்கள்கிழமை வாலாஜாபாத் கிளையில் போய்ச் சேர வேண்டும்.

வங்கி கேட்ட காகிதங்களில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. கிரெடிட் ரிப்போர்ட், அதாவது பழைய கடன் கணக்கு. கடன் வாங்கிவிட்டுக் கட்டாமல் இருப்பவருக்கு வேலை கிடையாது, பிறகு தெரியவந்தாலும் ஆணை ரத்து என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்து இளவரசி சிரித்தாள். ஜென்மத்தில் ஒரு ரூபாய் கடன் வாங்காதவளுக்கு என்ன பெரிய ரிப்போர்ட் வந்துவிடப் போகிறது? செவ்வாய்க்கிழமை காலையில், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போனில் அதை இறக்கினாள்.

பதினொரு பக்கம் வந்தது.

நாலு கடன்கள். நாலும் அவள் பெயரே கேள்விப்படாத கடன் ஆப் கம்பெனிகள் கொடுத்தவை. ஒன்றில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய், தொண்ணூற்றேழு நாளாகக் கட்டவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். பெயர் அவளுடையது, பிறந்த தேதி அவளுடையது, பான் நம்பர் அவளுடையது, கதவு எண்கூட சரியாக இருந்தது. செல்போன் நம்பர் மட்டும் வேறு யாருடையதோ.

வேறு யாருக்கோ வரவேண்டியது தப்பி வந்துவிட்டதோ என்று முதல் பக்கத்துக்குப் போய்ப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். தப்பி வரவில்லை.

"என்னம்மா, வந்துடுச்சா?" என்றார் பஞ்சாட்சரம், தறியில் நாடாவைத் தள்ளிக்கொண்டே.

"வந்துக்கினு இருக்குதுபா. நெட்டு ஸ்லோவா இருக்குது."

அப்பாவிடம் அவள் சொன்ன பொய்களில் இது சின்னதுதான். ஆனால் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கும் மனிதரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

இளவரசி ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. அன்றைக்கே சைபர் மோசடிக்கான அரசு எண்ணுக்குப் பேசினாள். ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்தின் தளத்தில், நாலு கடனும் என்னுடையவை அல்ல என்று ஒவ்வொன்றாக ஆட்சேபம் பதிந்தாள். விசாரித்துத் திருத்த முப்பது நாள் ஆகும் என்று பதில் வந்தது. வேலையில் சேர ஆறு நாள்தான் இருந்தது. வங்கியின் தலைமை அலுவலகத்தில் போனை எடுத்த அம்மாள் நல்லவள். "போலீஸ்ல புகார் கொடுத்த ரசீதும் ஆட்சேப நம்பரும் கொண்டு வாங்க, பார்க்கலாம். அது இல்லாம வந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

ஆக, வழி இருந்தது. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். அவளுக்கோ மண்டைக் குடைச்சல் தாங்கவில்லை, யார் அந்த நம்பர்? ஒருவர் பெயரில் எத்தனை செல்போன் இணைப்பு இருக்கிறது என்று பார்க்க அரசாங்கத் தளம் ஒன்று உண்டு. புதன்கிழமை அதைத் திறந்து பார்த்தாள். அவள் பெயரில் இரண்டு சிம் இருந்தன. ஒன்று அவள் கையில் இருப்பது. இன்னொன்று ரிப்போர்ட்டில் இருந்த நம்பர்.

புத்தி உள்ளவர் யாரும் அந்த நம்பருக்குப் போன் செய்ய மாட்டார்கள். இளவரசி மாடிக்குப் போய், துணிக்கொடிக்கு நடுவில் நின்றுகொண்டு செய்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். இளம்பெண் குரல்.

"ஹலோ, இளவரசி பேசுறேன்."

கொளுத்தும் வெயிலில் அவளுக்கு உடம்பு சில்லிட்டது. அவள் பேசுமுன் அந்தக் குரலே தொடர்ந்தது.

"லோன் ஆபீசா சார்? வெள்ளிக்கிழமை கட்டிடறேன் சார். வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பாதீங்க. அப்பாவுக்கு நெஞ்சு வலி, பஞ்சாட்சரம்னு பேரு, தறி நெய்யிறவரு. அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு சார்." அந்தக் குரல் அழுகிற மாதிரிகூட நடித்தது. கேட்டால் இளவரசிக்கே இரக்கம் வந்திருக்கும், அவ்வளவு நன்றாக நடித்தது.

"நான்தான் இளவரசி" என்றாள் இவள்.

அந்தப் பக்கம் போன் கை மாறியது. ஆண் குரல் ஒன்று சாவகாசமாகக் கேட்டது. "யாரு, பரீட்சை எழுதற பொண்ணா? நல்லாக்கீறியாம்மா?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை போட்டு சிம் கார்டு விற்ற சிவராஜ்.

போன வருஷம் அவனிடம்தான் சிம் வாங்கினாள். தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு விரலால் முறுக்குகிற வேலை அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த வேலை செய்கிற பெண்களுக்குக் கட்டைவிரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். ரேஷன் கடை மிஷினும் அவர்களை லேசில் ஒப்புக்கொள்ளாது. விரலைத் துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை வைப்பது அவர்களுக்கு வாடிக்கை. அதனால் சிவராஜ் "விழலம்மா, இன்னொரு தபா வை" என்று சொன்னபோதெல்லாம் அவள் கொஞ்சமும் யோசிக்காமல் வைத்தாள். முதல் அழுத்தலிலேயே அவளுடைய சிம் வந்துவிட்டது. அடுத்தடுத்த அழுத்தல்களில் அவள் பெயரில் வேறு சிம்மும், பணம் வந்து விழ ஒரு கணக்கும் பிறந்திருக்கின்றன. பான், ஆதார் நகலை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான்.

இப்போது மாடியில் நிற்கும்போதுதான் அது புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. அவனிடம் அவள் தனியாகப் போகவில்லை. இழை முறுக்குகிற ஏழு பெண்களை அவள்தான் கூட்டிப் போனாள். "வையுங்கக்கா, விழும்" என்று அவர்கள் விரலைத் தன் தாவணி நுனியால் துடைத்துத் துடைத்து, மிஷினில் அழுத்திப் பிடித்ததும் அவள்தான். ஆள் ஒன்றுக்கு ஒரு மாத ரீசார்ஜ் அவளுக்கு இலவசம் என்று சிவராஜ் சொல்லியிருந்தான். ஏழு மாதம் ஓசியில் பேசினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"போலீசுக்குப் போறேன்" என்றாள்.

"போம்மா. ஏழு பேருக்கும் நேரா 'இளவரசி மூலம்'னு எழுதி வெச்சிருக்கேன். உன் நம்பருக்கு ரீசார்ஜ் போட்ட கணக்கும் இருக்குது. நான் மாட்டினா நீயும் கமிஷன் ஏஜென்டும்மா. பாங்க் வேலைக்குப் போலீஸ் வெரிபிகேஷன் உண்டுல்ல?" என்றான் அவன். அதட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "உன் நாலையும் நான் முடிச்சிக் குடுத்துடறேன். நீ வாயைத் திறக்காதே. திங்கக்கிழமை ஜம்முனு வேலைக்குப் போ."

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு கம்பெனியின் கடிதத்தைச் சிவராஜ் அவள் போனுக்கு அனுப்பியிருந்தான். முப்பத்தெட்டாயிரம் கட்டி முடிக்கப்பட்டது, பாக்கி இல்லை. வாக்குத் தவறாத திருடன்! அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதானே. அன்றைக்கு ஸ்டேஷன் பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தெருவில் கூச்சல் கேட்டது.

எதிர்வீட்டு அங்கம்மாள், அந்த ஏழு பேரில் ஒருத்தி, கைம்பெண். மகனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். அவள் வாசலில் ஒரு பைக் நின்றது. கடன் வசூலுக்கு வந்த இரண்டு ஆட்கள். ஒருவன் கதவைப் போட்டோ எடுத்தான். இன்னொருவன் தெருவுக்கே கேட்கும்படி பேசினான். "வாங்கும்போது இனிச்சுதா? எழுபத்தஞ்சாயிரம்! நாளைக்கு உன் மூஞ்சை போஸ்டர் அடிச்சி ஒட்டட்டுமா?"

அங்கம்மாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. இளவரசியைக் கண்டதும் அவள் ஓடி வந்தாள்.

"இளவரசி, நீ படிச்சவ, நீ சொல்லும்மா! எனக்கு அந்த போன்ல படம் பார்க்கத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. காமாட்சி மேல சத்தியமா நான் வாங்கல!"

"அவங்க வாங்கல சார். யாரோ அவங்க பேர்ல வாங்கியிருக்காங்க" என்றாள் இளவரசி.

அந்த ஆள் திரும்பினான். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போயிருக்கலாம். பின்னால் தறிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அப்பா வாசலில் வந்து நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் வாய் அடைத்துவிடும். அந்த ஆளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் பேர்லயும் இருக்குது. நாலு கடன்."

"அய்யோ" என்றார் பஞ்சாட்சரம். உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். ஏதாவது கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பத்து மணிக்கு அவளும் அங்கம்மாளும் ஸ்டேஷனில் இருந்தார்கள். அங்கம்மாள் அதுவரை ஸ்டேஷன் வாசலை மிதித்தவள் இல்லை. ஆட்டோவில் ஏறியதிலிருந்து இளவரசியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீ இருக்கறதால எனக்கு பயமில்லமா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் இளவரசி ரோட்டைப் பார்த்தாள்.

புகார் எழுதும் ரைட்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார், பேனாவைத் திறந்தார். "உங்க ரெண்டு பேருதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். பத்து நிமிஷத்தில் ரசீது கையில் வந்துவிடும், திங்கள்கிழமை வேலை. மீதி ஆறு பேர் வீட்டு வாசலிலும் ஒரு நாள் அந்த பைக் வந்து நிற்கும்.

"எட்டுப் பேரு சார்" என்றாள். "என்னைத் தவிர மத்த ஏழு பேரையும் அவன்கிட்ட நான்தான் கூட்டிக்கினு போனேன்."

"அதனால என்னம்மா, தெரியாமத்தானே கூட்டிப் போனே."

"அதுக்கு அவன் எனக்கு ஆளுக்கு ஒரு மாச ரீசார்ஜ் குடுத்தான் சார். நான் வாங்கிக்கினேன்."

ரைட்டர் பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "பாங்க் வேலைன்னு சொன்னியேம்மா. இதை எழுதினா உன்னையும் விசாரிப்பாங்க. எழுதட்டுமா?"

"எழுதுங்க சார்."

அவர் எழுத ஆரம்பித்தார். அங்கம்மாள், பிடித்திருந்த கையை மெதுவாக விட்டுவிட்டு, தள்ளிப் போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.