சுடாத பாதம்

என் பெயர் கதிர்வேல். வயது இருபத்திரண்டு. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வேலை செய்கிறேன். நம் வீட்டுப் போனுக்கு இன்று வாங்கிய புது நம்பரிலிருந்து அனுப்புவதால் இவ்வளவும் சொல்கிறேன். மோசடிக்காரன் என்று அழித்துவிடாதீர்கள். கையெல்லாம் சாயம், அதனால் போனில் பேசியே எழுதுகிறேன்.

விஷயம் அப்பாவின் கால். "பஞ்சு மேல நடக்கற மாதிரி சுகமா இருக்குடா" என்று நேற்று போனில் சிரித்தாரே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் என் முதலாளி ராஜவேலு.

அப்பாவைப் போலவே அவருக்கும் பத்து வருடச் சர்க்கரை. போன வாரம் உச்சி வெயிலில் கோயிலுக்குப் போனோம். கல்தளம் கொதித்தது. எல்லோரும் வெள்ளைப் பெயின்ட் அடித்த பாதையில் குதித்துக் குதித்து ஓட, முதலாளி மட்டும் வெறுங்கல்லில் நிதானமாக மூன்று சுற்று வந்தார்.

"சாமியே தாங்கிக்கினு போவுதுபா!" என்று எதிர்வீட்டுக் கங்கையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் காலில் விழ வாசலில் கூட்டம். ஒருவருக்குக் குழந்தை வேண்டும், இன்னொருவருக்கு விசா. முதலாளியும் கூச்சப்படாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் விழுந்த கங்கையம்மாள் அலறினார்.

"இன்னாங்க இது, அடியெல்லாம் கொப்புளம்! ஆணி வேற குத்திக்கினு இருக்குது!"

"எங்கேம்மா?" என்று முதலாளியும் குனிந்து தேடினார்.

"அந்த ஆணிய எனக்குக் குடுங்க, பூஜையில வெக்கிறேன்" என்றார் விசாக்காரர்.

நான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச்சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார்.

"எப்பம்மா தொடுவீங்க?"

"தொட்டு முடிச்சிட்டேங்க."

ஆயிரம் இழைக்கு நடுவே அறுந்த ஒன்றை விரலாலேயே கண்டுபிடிக்கிற மனிதர், கண்ணைத் திறந்து தன் பாதத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப இது வரம் இல்லியாமா?"

"சர்க்கரை நரம்பக் கெடுத்துட்டு இருக்குது. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. மரத்துப்போறது, எரியறது, ஊசி குத்தறது, பஞ்சு மேல நடக்கறா மாதிரி இருக்கறது, இதுல ஒண்ணு வந்தப்பவே வந்திருக்கணும்."

நேற்று அப்பா பஞ்சு என்றதும் டாக்டரம்மாவின் இந்தப் பேச்சுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

முதலாளி இப்போது கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். கால் சுண்டுவிரல் நிலைக்குமா என்று வெள்ளிக்கிழமைதான் சொல்வார்களாம். வாசலில் ஒரு ஆள் இல்லை.

"எனக்குத்தான் வலியே இல்லையே" என்பார் அப்பா. வலி இல்லாததுதான் என் பயம். போன் யார் கையில் இருந்தாலும் சரி, இன்றே அவருடைய இரண்டு பாதங்களின் அடியையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். நாளைக் காலையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.