இடம் மாறிய காசு

கில்ரோனி கடற்கரை மைதானத்தில் கோல்ஃப் பட்டப்போட்டியின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனையில் மர்டோ கெடிஸ் கண்களை மூடினான். இன்னிஸ் லெய்ட்லா தோற்கட்டும் என்று கேட்க வாய் கூசியது. அதனால் காற்று பலமாக வீசட்டும் என்று ஜெபித்தான். காற்றில் யாருடைய பந்து தடுமாறும் என்று கர்த்தருக்குத் தெரியாதா!

இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இன்னிஸின் பெயர் அந்தப் பட்டத்தின் வெள்ளிக் கோப்பையில் இரண்டு முறை பொறிக்கப்பட்டிருந்தது. இரண்டு முறையும் அடுத்த இடத்தில் வந்தவன் மர்டோ. அடுத்தவன் பெயரை யாரும் வெள்ளியில் பொறிப்பதில்லை.

காற்று வந்தது. வந்து மர்டோவின் பந்தைத்தான் முட்புதருக்குள் தள்ளியது. சீக்கிரம் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்த கணக்கு, தண்டனை உண்டு. இன்னிஸ்தான் முதலில் புதருக்குள் கையை விட்டான்.

"இங்க கெடக்குடா! ஒன்ன மாதிரியே உம்முனு ஒக்காந்திருக்கு."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

"பந்து என்னுது, கைத்தட்டு அவனுக்கு," என்று மர்டோ முணுமுணுத்தான்.

"நன்றின்னு ஒரு வார்த்த சொன்னா பல்லு கொட்டிடுமா?" என்றாள் அவன் மட்டைப் பையைச் சுமந்து வந்த அக்கா இஷ்பெல்.

அவன் சொல்லவில்லை.

கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். இன்னிஸ் தன் பந்தை எடுத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு காசை வைத்திருந்தான். முதலில் அடிக்க வேண்டியவன் மர்டோ.

"ஒன் காசு என் வழியில கெடக்கு. கொஞ்சம் நகத்து."

இன்னிஸ் மட்டையின் அகலத்துக்குக் காசைத் தள்ளி வைத்தான். அப்படி நகர்த்துகிறவர்கள், திருப்பி வைக்க வேண்டும் என்ற ஞாபகத்துக்குக் காசைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். அந்த நேரம் பார்த்துக் கூட்டம் அவன் பெயரைக் கூவியது. அவன் கையசைத்தான், கவிழ்க்க மறந்தான்.

மர்டோவின் பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. அடுத்த தட்டில்தான் விழுந்தது. இனி இன்னிஸ் ஒரே அடியில் போட்டால் பட்டம் அவனுக்கு.

இன்னிஸ் நேராகப் போய், தள்ளி வைத்த காசின் முன்னாலேயே பந்தை வைத்தான்.

மர்டோ அதைப் பார்த்துவிட்டான். தவறான இடத்திலிருந்து அடித்தால் இரண்டு அடி தண்டனை. கோப்பை தனக்கு. இன்னிஸ் அடித்த பிறகு நடுவரிடம் கையைத் தூக்கிச் சொன்னால் போதும். யாரும் குறை சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். இப்போது சொன்னால் அவனுக்கு, பிறகு சொன்னால் எனக்கு.

அக்காவைப் பார்த்தான். அவளும் கவனித்திருந்தாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. தம்பி செய்ய வேண்டிய நல்லதைத் தான் செய்து அவனிடமிருந்து பறித்துவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இன்னிஸ் குனிந்து மட்டையைப் பிடித்தான். ஒரு விரல் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது. அதன் முட்டியில் காய்ந்த ரத்தம்.

"டேய், நில்லு!" என்றான் மர்டோ. "நகத்துன காச திருப்பி வச்சியா?"

இன்னிஸின் முகம் வெளுத்தது. காசைப் பழைய இடத்தில் வைத்து, பந்தை வைத்து, அடித்தான். விழுந்தது.

முடிவை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முதலிடம், இன்னிஸ் லெய்ட்லா. இரண்டாமிடம், மர்டோ கெடிஸ்.

"வயித்தெரிச்சல் அடங்குச்சா?" என்றாள் இஷ்பெல்.

"இல்லக்கா. அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும். தொப்பியில ஊசி குத்தி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போ."

கோப்பையைத் தூக்க முடியாமல் இன்னிஸ் முகம் சுளித்துக்கொண்டிருந்தான். மர்டோ ஊசியோடு போய் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"காட்டு. முள்ள உள்ளயே வச்சுக்கிட்டா விளையாடின? நன்றிடா, அந்தப் பந்துக்கு."

"ஐயோ, மெதுவாடா!"

"ஆம்பள மாதிரி நில்லு."

முள் வந்துவிட்டது. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி எடுத்தான். அந்தக் கொஞ்சத்தைக் கர்த்தர் மன்னிப்பார்.